டம்மியைக் கண்டாலே முகத்தைத் திருப்பும் லேப் குட்டி

கேள்வி: எங்கள் லேப்ரடார் ப்ரூனோவுக்கு ஆறரை மாதம் ஆகிறது. எடுத்து வரப் பழக்கலாம் என்று ஆன்லைனில் அரை கிலோ எடையுள்ள கேன்வாஸ் டம்மி (வீசி எடுத்து வரச் சொல்லும் துணிப் பொதி) ஒன்று வாங்கினேன். முதல் இரண்டு நாள் விழுந்தடித்து ஓடி எடுத்தான். இப்போது பாதி தூரம் போய் மோந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறான். எப்போதாவது கவ்வினாலும் என்னிடம் வராமல் மாமரத்தைச் சுற்றி ஓட்டம் காட்டுகிறான். லேப் என்றால் இது பிறவியிலேயே வரும் என்றார்களே? பட்டினி போட்டுப் பழக்கச் சொல்கிறார் ஒரு நண்பர். வீட்டில் இரண்டு வயதில் கன்னி இன நாயும் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பழக்கலாமா? - கோவை வாசகர்

பதில்: முதலில், பட்டினி வேண்டாம். வளரும் குட்டியின் சாப்பாட்டில் கை வைக்கும் அளவுக்கு இதில் எந்த அவசரமும் இல்லை. ப்ரூனோவிடம் பெரிய குறை எதுவும் இருப்பதாகவும் தெரியவில்லை. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ‘முதல் இரண்டு நாள்’ என்ற வார்த்தைதான். அந்த இரண்டு நாளும் எத்தனை தடவை வீசினீர்கள் என்று எழுதவில்லை. புது டம்மி, துள்ளிக் குதிக்கும் குட்டி, பக்கத்தில் நின்று ரசிக்கும் வீட்டார். கை சும்மா இருந்திருக்காது. குட்டி சலித்துப்போய்த் தானாக நிற்கும்வரை வீசியிருப்பீர்கள் என்பது என் ஊகம். அங்கேதான் ஆசை வற்றியிருக்கிறது.

ஆர்வத்தை வளர்க்க ஒரே வழி, அது உச்சத்தில் இருக்கும்போதே விளையாட்டை நிறுத்துவதுதான். ஒரு நாளைக்கு இரண்டு வீச்சு, மிஞ்சிப் போனால் மூன்று. ‘இன்னும் ஒன்று போடேன்’ என்று அவன் உங்கள் கையையே பார்த்துக் குதிக்கும்போது டம்மியைக் கொண்டுபோய் பீரோ மேல் வைத்துவிடுங்கள். மற்ற பொம்மைகளோடு அதைத் தரையில் கிடக்க விடாதீர்கள். எந்நேரமும் வாய்க்கு எட்டுகிற பொருளுக்கு நாயிடம் மதிப்பு கிடையாது.

‘பிறவியிலேயே வரும்’ என்பது பாதி உண்மை. லேப்ரடாரின் மூதாதைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு வேலை பார்த்த நாய்கள். 19ஆம் நூற்றாண்டில் அவற்றை பிரிட்டனுக்குக் கொண்டுபோய், சுட்டு வீழ்த்திய பறவையைச் சிதைக்காமல் கவ்வி வரும் வேலைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தார்கள். 1903இல் அங்குள்ள கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது. டம்மி அந்தப் பறவைக்குப் பதிலாக வந்த பொருள்தான். ஆக, ஓடும் பொருளைத் துரத்துவதும் அதை வாயில் வைத்திருப்பதும் ரத்தத்தில் இருக்கும். அதை உங்கள் கையில் கொண்டுவந்து கொடுப்பது நாம் பழக்கித்தான் வர வேண்டும். தவிர, நம் ஊரில் கிடைக்கும் லேப் குட்டிகள் பெரும்பாலும் வீட்டில் வளர்க்கவென்றே ஈன்றெடுக்கப்பட்டவை. பல தலைமுறையாக அந்த வேலைக்கென்று யாரும் தேர்ந்தெடுக்காத குட்டியிடம் துடிப்பு கொஞ்சம் கூடக் குறைய இருக்கத்தான் செய்யும்.

அடுத்து, வாயைத் திறந்து பாருங்கள். நான்காவது மாத வாக்கில் பால்பல் 28ம் விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் நிரந்தரப் பல் 42ம் முளைத்துவிடும். ஆறரை மாதம் என்றால் கடைவாயில் இன்னும் வலி இருக்கலாம். ஈறு சிவந்திருந்தாலோ டம்மியில் ரத்தக்கறை பட்டிருந்தாலோ அவன் ஏன் மோந்து பார்த்துவிட்டு உட்கார்கிறான் என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. போதாததற்கு, அரை கிலோ என்பது வளர்ந்த நாய்க்கான எடை. குட்டிக்கு அதில் பாதி போதும். புது கேன்வாஸ் விறைப்பாகவும் இருக்கும். கொஞ்ச நாளைக்கு அதை எடுத்து வைத்துவிட்டு, தடிமனான பழைய சாக்ஸுக்குள் பனியன் துணியைத் திணித்து, வாயை இறுக்கிக் கட்டி, ஒரு முழம் கயிறு விட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் போட்டுக் கழற்றிய சாக்ஸ் என்றால் இன்னும் நல்லது, உங்கள் வாசனை இருக்கும். விளையாட்டு முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். லேப் சாக்ஸை அப்படியே விழுங்கிவிடும், அப்புறம் குடலில் அடைத்துக்கொண்டு ஆபரேஷன் வரை போகும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ப்ரூனோ செருப்பையோ துண்டையோ தூக்கிக்கொண்டு ஓடியபோது வீட்டில் என்ன நடந்தது? பெரும்பாலான வீடுகளில் ஒரு அதட்டல், துரத்தல், வாயைப் பிளந்து பிடுங்கல். குட்டிக்குச் செருப்பு, டம்மி என்ற வித்தியாசம் தெரியாது. எதையாவது வாயில் வைத்துக்கொண்டு மனிதர் பக்கம் போனால் வம்பு என்றுதான் அதற்குப் பதியும். மாமரத்தைச் சுற்றும் ஓட்டத்தின் வேர் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். இனிமேல் அவன் எதைக் கவ்விக்கொண்டு வந்தாலும், அது உங்கள் புதுச் செருப்பாகவே இருந்தாலும், உட்கார்ந்து பாராட்டி மெதுவாக வாங்கிக்கொள்ளுங்கள். எடுக்கக் கூடாததை எட்டாத இடத்தில் வைப்பது நம் வேலை.

ஒரு வாரம் டம்மியே வேண்டாம். அப்புறம் தினமும் இரண்டு நிமிடம், அந்த சாக்ஸைக் கயிற்றில் பிடித்துத் தரையோடு இழுங்கள். எலி ஓடுவதுபோல வெடுக்கென்று ஓடி, நின்று, மூலையில் மறைந்து, மறுபடி ஓட வேண்டும். அவன் பாயும் நேரத்தில் தூக்கிச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் கையில் கொடுக்கவே வேண்டாம். நீங்கள் சட்டைக்குள் கை விட்டாலே அவன் உடம்பு முழுக்க ஆட ஆரம்பித்தால் வீசத் தொடங்கலாம்.

வீசும் இடம் முக்கியம். தோட்டம் வேண்டாம், வீட்டுக்குள் ஒரு நடைபாதை போதும். அறைக் கதவுகளைச் சாத்திவிட்டு, அவன் படுக்கை இருக்கும் முனையில் நீங்கள் தரையில் உட்காருங்கள். ஒரு கையால் அவன் நெஞ்சைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சாக்ஸைத் தாழ்வாக, தரையில் உருளும்படி வீசுங்கள். பிடிக்குள் அவன் முண்டுவான். அந்த முண்டல்தான் நமக்கு வேண்டும். சாக்ஸ் உருண்டு நிற்பதற்கு முன்பே விட்டுவிடுங்கள். இப்போதைக்கு ‘சிட்’, ‘ஸ்டே’ எதுவும் வேண்டாம். அதைப் பல பயிற்சியாளர்கள் முதல் நாளே கேட்பார்கள். ஆசையே இல்லாத குட்டியிடம் ஒழுங்கைக் கேட்டால் இரண்டும் வராது என்பது என் அபிப்பிராயம். துடிப்பு நன்றாக வேரூன்றிய பிறகு, எட்டு ஒன்பது மாதத்துக்கு மேல், வீசியதில் சிலவற்றை நீங்களே போய் எடுத்து, அவனைக் காத்திருக்கப் பழக்கலாம்.

கவ்விக்கொண்டு திரும்பினால் அவன் போக வேறு இடம் கிடையாது, படுக்கைக்குத்தான் வர வேண்டும். அங்கே நீங்கள் இருக்கிறீர்கள். வந்ததும் சாக்ஸ் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள், அதைப் பார்க்கக்கூட வேண்டாம். நெஞ்சைத் தடவுங்கள், காதோரம் சொறிந்துவிடுங்கள், ‘சபாஷ்டா’ என்று கொஞ்சுங்கள். பத்து இருபது வினாடி அவன் அதை வாயிலேயே வைத்துப் பெருமைப்பட்டுக்கொள்ளட்டும். பிறகு தாடைக்கு அடியில் கையை வைத்தால் பெரும்பாலும் அவனே விட்டுவிடுவான். வாங்கியதும் ஒருமுறை உடனே திரும்ப வீசுங்கள். கொடுத்தால் விளையாட்டு தொடரும் என்று புரிந்துகொள்வான்.

பிஸ்கட் கொடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் கொடுப்பதில்லை. லேப்புக்குத் தீனி கண்ணில் பட்டால் மற்ற எல்லாம் மறந்துபோகும். பாதி வழியிலேயே டம்மியைத் துப்பிவிட்டு ஓடிவரும். வாயை விடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குட்டியிடம் மட்டும் கடைசி நேரத்தில் ஒரு துண்டைக் காட்டி மாற்றிக்கொள்ளலாம்.

நடைபாதையில் சரியாக வந்த பிறகே வெளியே போங்கள். அங்கே மறுபடி சுற்ற ஆரம்பித்தால் துரத்தாதீர்கள், அவனுக்கு அதைவிடப் பெரிய பரிசே கிடையாது. முதுகைக் காட்டிக் கைதட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள், கொஞ்ச தூரத்தில் பக்கவாட்டாகத் திரும்பிக் குந்துங்கள். நேருக்கு நேர் குனிந்து நின்றால் பிடுங்க வருகிறீர்கள் என்று விலகிப் போவான்.

நேரமும் பாருங்கள். காலை ஏழு மணிக்குள், இல்லையென்றால் வெயில் தாழ்ந்து தரை ஆறிய பிறகு. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அடர்ந்த இரட்டை ரோமமுள்ள லேப்புக்கு அது இன்னும் சிரமம். நாக்கு அகலமாகத் தொங்க, நிழலைத் தேடிப் படுக்கும் குட்டியைச் சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. எலும்பு முற்றும்வரை, அதாவது ஒரு வயது தாண்டும்வரை, எகிறிப் பிடிக்கும்படி உயரமாகவும் வீச வேண்டாம்.

பல் முளைத்து முடிந்ததும் கால் கிலோ கேன்வாஸ் டம்மி ஒன்று வாங்கி, அதன் மேல் அந்த சாக்ஸை மாட்டி வீசுங்கள். சில நாளில் சாக்ஸைப் பாதி உருவுங்கள், பிறகு முழுக்க எடுத்துவிடலாம். இப்போது வாங்கியிருக்கும் அரை கிலோ டம்மி ஒரு வயதுக்குப் பிறகு பயன்படும்.

கன்னி நாய் விஷயம். அது பார்வையால் இரையைக் கண்டு துரத்திப் பிடிக்கும் இனம். வீசிய பொருளை ப்ரூனோவுக்கு முன்னால் போய் எடுத்துவிடும், திரும்பக் கொண்டுவரும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டையும் சேர்த்து அவிழ்த்துவிட்டால், எப்படியும் தோற்கப்போகிறோம் என்று குட்டி ஓடுவதையே நிறுத்திவிடும். பயிற்சி நேரத்தில் கன்னியை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள். ப்ரூனோ மந்தமாக இருக்கும் நாளில் மட்டும் முறையை மாற்றிப் பாருங்கள்: அவனைத் தூணில் கட்டிவிட்டு, அவன் கண்முன்னால் கன்னிக்கு ஒரே ஒரு முறை வீசுங்கள். கன்னி எடுத்ததும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுங்கள். மறுநாள் காலையில் முதல் வீச்சை ப்ரூனோவுக்குக் கொடுங்கள்.