வெள்ளத்துக்கு வந்த செக்கும் வவுச்சரில் போட்ட கையெழுத்தும்

கேள்வி: வடசென்னை எர்ணாவூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணெய் கலந்த வெள்ளம் இடுப்பளவு நின்றது. இன்சூரன்ஸில் 22 லட்சம் கேட்டேன். நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் மூன்று வாரம் கழித்து வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போனார். ஏஜென்ட் போனையே எடுப்பதில்லை. பேங்கில் சிசி (கேஷ் கிரெடிட் கடன்) அக்கவுண்டை முடக்கிவிடுவோம் என்று நெருக்கியதால், 2024 அக்டோபர் 9 அன்று ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற வவுச்சரில் கையெழுத்துப் போட்டு 10 லட்சத்து 68 ஆயிரம் வாங்கினேன். அப்படிப் போட்டிருந்தாலும் மீதியைக் கேட்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதாமே? ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் விசாரணை) போகலாமா?

பதில்: சர்வேயர் மூக்கைப் பொத்தியது, ஏஜென்ட் போனை எடுக்காதது இரண்டையும் விட்டுவிடுங்கள். எந்த மன்றத்திலும் அதற்கு மதிப்பெண் கிடையாது. பேங்க் நெருக்கியதும் அப்படித்தான். நெருக்கியது பேங்க், இன்சூரன்ஸ் கம்பெனி அல்ல. கேள்வி ஒன்றுதான்: ‘கையெழுத்துப் போட்டால்தான் பணம்’ என்று கம்பெனி தரப்பு சொன்னதற்கு, அல்லது நீங்கள் உடனே ஆட்சேபித்ததற்கு, எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? நீங்கள் அனுப்பிய பத்து பக்கக் கடிதத்தில் அது மட்டும் இல்லை.

நீங்கள் படித்த செய்தி சரிதான். 2024 ஜூலையில் கிரிஷ் ஸ்பின்னிங் வழக்கிலும், 2025 மே மாதம் அரேபியன் எக்ஸ்போர்ட்ஸ் வழக்கிலும், முழுத் தீர்வு வவுச்சரில் கையெழுத்துப் போட்டதாலேயே ஆர்பிட்ரேஷன் கதவு மூடிவிடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. கவனியுங்கள், கதவு மூடாது என்றுதான் சொன்னது. கையெழுத்து நெருக்கடியில் வாங்கப்பட்டதா என்பதை உள்ளே ஆர்பிட்ரேட்டர் விசாரித்து முடிவு செய்வார். நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். இரண்டாவது வழக்கில் வெள்ளம் வந்தது 2005 ஜூலையில், மகாராஷ்டிரத்தில். ஆர்பிட்ரேஷன் நடத்தலாம் என்ற உத்தரவு கிடைக்கவே ஏறக்குறைய இருபது வருடம். பணம் அல்ல சார், உத்தரவு!

இந்தத் தீர்ப்புச் செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வருபவர்கள் இப்போது அதிகம். மாதவரத்தில் குடோன் வைத்திருக்கும் ஒருவர் அப்படி வந்தார். எச்சரித்தேன், கேட்காமல் ஆர்பிட்ரேஷன் போனார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு தாளை நீட்டினார். பணம் வந்த அன்று இவர் ஏஜென்ட்டுக்கு அனுப்பிய வாட்ஸ்அப், கலர் பிரிண்ட்டில்: ‘ரொம்ப நன்றி சார்’, பக்கத்தில் மூன்று கும்பிடு. அதற்கப்புறம் எட்டு மாதம் ஒரு மெயில்கூடப் போடவில்லை. மிரட்டி வாங்கினார்கள் என்ற கதை அந்த மூன்று கும்பிடில் முடிந்தது. ஆர்பிட்ரேட்டர் ஃபீஸில் தன் பங்கை அவர் கட்டித்தான் ஆகவேண்டியிருந்தது.

ஆகவே முதல் வேலையாக உங்கள் போனைத் தேடுங்கள். 2024 செப்டம்பர், அக்டோபரில் ஏஜென்ட், சர்வேயர், கம்பெனி அனுப்பியது எல்லாம் வேண்டும், உங்களுக்கு எதிரானதும் சேர்த்து. போனை மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் கொண்டுவந்தால் ஆகாது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ன்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும்.

அப்புறம் கணக்கு. 11 லட்சத்துச் சொச்சம் பாக்கி என்கிறீர்கள். சர்வே ரிப்போர்ட்டைப் பார்த்தேன். கழிவுச் சரக்கின் மதிப்பு 1 லட்சம், பில் இல்லாத சரக்கு 2.5 லட்சம், மோட்டார்கள் 3.5 லட்சம் கழித்து 15 லட்சம் நிற்கிறது. மெஷின், சரக்கு இரண்டையுமே நீங்கள் உண்மை மதிப்பில் முக்கால் பங்குக்குத்தான் இன்சூர் செய்திருக்கிறீர்கள். 15 சதவீதம் வரை குறைந்தால் உங்கள் பாலிசி பொறுத்துக்கொள்ளும். 25 சதவீதம் என்றால் அப்படியே வெட்டும். அது 11.25. எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு, 5 சதவீதம் போனால் கைக்கு வந்த தொகை. இதில் மோசடி எதுவும் இல்லை, பிரீமியத்தை மிச்சம் பிடித்ததன் விலை.

வாதாட இடமுள்ளது மோட்டார் ஒன்றில்தான். எண்ணெய் மாசு பாலிசியில் சேராது என்று கழித்திருக்கிறார்கள். ஆனால் அதே ஷரத்தின் அடுத்த வரி, இன்சூர் செய்த ஆபத்தினாலேயே வந்த மாசு என்றால் சேரும் என்கிறது. எண்ணெயை உங்கள் பட்டறைக்குள் கொண்டுவந்தது வெள்ளம்தான். அந்த எண்ணெய்க் கசிவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே எடுத்து விசாரித்தது. அங்கே போய் ஆவணங்கள் கேளுங்கள். இதில் முழுதாக ஜெயித்தாலும் அதே கால்வாசி, அதே 5 சதவீதம் போய் 2 லட்சத்து 49 ஆயிரம்தான் வரும். இந்தத் தொகைக்கா ஆர்பிட்ரேஷன்? போதாததற்கு, உங்கள் பாலிசியில் ஆர்பிட்ரேஷன் தொகைத் தகராறுக்கு மட்டும்தான். மோட்டார் சேருமா சேராதா என்பது தொகை அல்ல, கம்பெனிக்குப் பொறுப்பு உண்டா இல்லையா என்ற தகராறு என்பார்கள், அதற்கே ஒரு வருடம் ஓடும்.

போக வேண்டிய இடம் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொழிலுக்கு எடுத்த பாலிசி ஆயிற்றே என்று தயங்க வேண்டாம், அப்படிப்பட்ட பாலிசிதாரரும் நுகர்வோர்தான் என்று 2023-ல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்த்துவிட்டது. கட்டணத்துக்குப் பார்ப்பது நீங்கள் கட்டிய பிரீமியத்தை. 5 லட்சத்துக்குள் என்பதால் ஒரு பைசா கிடையாது. கையெழுத்துக் கேள்வி அங்கேயும் வரும், அதற்குத்தான் போனைத் தேடச் சொன்னேன். காலக்கெடு இரண்டு வருடம். வெள்ளம் வந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதாடும். பணம் கொடுத்த தேதியிலிருந்து என்பது நம் பதில். அப்படிப் பார்த்தாலும் 2026 அக்டோபர் 8-ஐத் தாண்டக் கூடாது. நடுவில் எத்தனை நினைவூட்டல் கடிதம் போட்டாலும் அந்தத் தேதி ஒரு நாள்கூட நீளாது. பலர் விழும் குழி இது.

அதற்கு முன் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மோட்டார் விஷயம் மட்டும் வைத்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள். 2.49 கேளுங்கள், 1.75 தந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் மனுவைப் போடலாம். மோட்டாரை ரீவைண்டிங் செய்த பில் இருக்கிறதா? உங்கள் கடிதத்தோடு அது வரவில்லை.