பழைய குவார்ட்ஸ் வாட்ச்சா, புதியதா?

கேள்வி: தினமும் கட்டிக்கொள்ள துல்லியமான, உயர்தர குவார்ட்ஸ் வாட்ச் ஒன்று வாங்க நினைக்கிறேன். சீகோ ட்வின் குவார்ட்ஸ், ரோலெக்ஸ் ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் போன்ற பழைய மாடல்கள் மனதை இழுக்கின்றன. அவற்றை நம்பி வாங்கலாமா, கிராண்ட் சீகோ, சிட்டிசன் என்று புதியதற்கே போய்விடலாமா?

பதில்: தினமும் கட்டுவதற்கு என்றால் புதியதே. துல்லியத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சாவி கொடுக்கும் வாட்ச்சில் ஒரு தண்டு தேய்ந்தால் கைதேர்ந்த மெக்கானிக் புதிதாகக் கடைந்து போட்டுவிடுவார். 1978இல் வந்த ட்வின் குவார்ட்ஸின் ஐசி (மின்சுற்றுச் சில்லு) போய்விட்டால் அதை யாராலும் கடைந்து தர முடியாது. அதே மூவ்மென்ட் (வாட்ச்சை ஓட்டும் உள் இயந்திரம்) உள்ள இன்னொரு வாட்ச்சைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

குவார்ட்ஸின் எதிரி வெப்பம். நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து வாட்ச்சின் நேரத்தை நடத்தும் குவார்ட்ஸ் படிகம் சுமார் 25 டிகிரியில் சரியாக ஓடும். சூடு ஏறினாலும் இறங்கினாலும் அதன் வேகம் குறையும். அந்த 25 டிகிரியிலிருந்து விலகல் இரண்டு மடங்கானால் பிழை நான்கு மடங்காகும். கோடையில் 38 டிகிரி அலமாரியில் கிடக்கும் சாதாரண குவார்ட்ஸ் நாளுக்கு அரை நொடி, மாதத்துக்குப் பதினைந்து நொடி பின்தங்கும். கையில் கட்டியிருந்தால் உடல்சூட்டில் வெப்பநிலை பெரிதாக மாறாது, அதனால் பிழையும் குறையும்.

உயர்தர வாட்ச்சுகள் இந்தப் பிழையைத் தாமே திருத்திக்கொள்கின்றன. ட்வின் குவார்ட்ஸில் வெப்ப மாற்றத்தை அறிய இரண்டாவதாக ஒரு படிகம் இருக்கிறது. 1993இல் வந்த கிராண்ட் சீகோ 9எஃப் மூவ்மென்ட் ஒரு நாளில் 540 முறை வெப்பநிலையை அளந்து திருத்துகிறது. ஆண்டுக்கு 10 நொடிக்கு மேல் பிசகாது. 2017இல் வந்த லாஞ்சின்ஸ் கான்குவெஸ்ட் விஹெச்பி ஆண்டுக்கு 5 நொடி. சிட்டிசன் 2019இல் கொண்டுவந்த 0100 மூவ்மென்ட் ஆண்டுக்கு ஒரே நொடி; அதன் படிகம் அதிர்வது 8.4 மெகாஹெர்ட்ஸில், ஓடுவது ஒளியில்.

பழையதுதான் வேண்டும் என்றால், 'ஓடுகிறது' என்ற விற்பவர் சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பின்மூடியைத் திறந்து எடுத்த படம் கேளுங்கள். செல் உட்காரும் இடத்தில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் செல் கசிந்திருக்கிறது. அது முதலில் தின்பது தொடுமுனையை, அடுத்து முள்ளை நகர்த்தும் மோட்டாரில் சுற்றியிருக்கும், முடியைவிட மெல்லிய காயில் கம்பியை. காயிலை மல்டிமீட்டரில் அளந்தால் பெரும்பாலான மூவ்மென்ட்களில் ஒன்று முதல் மூன்று கிலோ ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது. மின்செலவையும் மைக்ரோ ஆம்பியரில் அளக்கச் சொல்லுங்கள். அந்த மூவ்மென்ட்டுக்கு உரிய அளவைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்தால் எண்ணெய் காய்ந்திருக்கலாம், சர்வீஸில் சரியாகும். சுத்தம் செய்து எண்ணெய் போட்ட பிறகும் இறங்காவிட்டால் கோளாறு சர்க்யூட்டில், அதை வாங்க வேண்டாம். சீகோவில் நொடிமுள் இரண்டிரண்டு நொடியாகத் தாவினால் பயப்பட வேண்டாம். செல் தீர்ந்துவருகிறது, அவ்வளவுதான்.

கடையில் வாட்ச்சின் வேகத்தை அளக்கும் டைமிங் மெஷினில், வெப்பப் பிழையைத் தானே திருத்தும் இந்த வகை வாட்ச்சை வைக்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். வெப்பத் திருத்தம் நொடிக்கு நொடி நடப்பதில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மொத்தமாக நடக்கிறது. மெஷின் பத்து நொடி மட்டும் கேட்டுவிட்டு 'நாளுக்கு 0.3 நொடி வேகம்' என்று சொன்னால் அது திருத்தத்துக்கு முந்தைய கணக்கு. அதை நம்பி டிரிம்மரை (வேகத்தைச் சரிசெய்யும் திருகை) திருப்பினால் நல்ல வாட்ச் கெட்டுவிடும். நீங்களே சோதிக்கலாம். இணைய நேரத்தோடு பொருந்திய திரையையும் நொடிமுள்ளையும் ஸ்லோமோஷனில் சேர்த்து வீடியோ எடுங்கள், 30 நாள் கழித்து மறுபடியும் எடுங்கள். ஆண்டுக்கு 10 நொடி என்பது மாதத்துக்கு 0.8 நொடி. வெறும் கண்ணுக்கு இது பிடிபடாது, வீடியோவில் பிடிபடும்.

1977இல் வந்து 2001 வரை தயாரான ஆய்ஸ்டர்குவார்ட்ஸ், வேலைப்பாட்டில் இன்றும் கண்ணை நிறைக்கும் வாட்ச். துல்லியத்துக்காக அதை வாங்க நான் சொல்ல மாட்டேன். சர்க்யூட் போனால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: தொண்ணூறுகளின் பழைய 9எஃப். தோற்றம் அந்தக் காலத்தது, மூவ்மென்ட் குடும்பமோ இன்றும் தயாரிப்பில் இருப்பது. பழையதில் என் முதல் பரிந்துரை இதுதான். செல் மாற்றும்போது அந்த மாடலுக்கான அதே எண் செல்லை, பின்மூடி ரப்பர் வளையத்தோடு சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ட்வின் குவார்ட்ஸ் மேல் ஆசை விடவில்லை என்றால் டயல் பாழாகி சர்க்யூட் மட்டும் உயிரோடு இருக்கும் இன்னொன்றையும், அதே காலிபர் எண்ணில் (மூவ்மென்ட்டின் மாடல் எண்ணில்), கூடவே வாங்கி, செல்லைக் கழற்றிவிட்டுப் பத்திரப்படுத்துங்கள்.