சுவரில் போனது தாளில் இருக்கிறது

கேள்வி: அழிந்துபோன ரோமானியக் கல்லறை ஓவியங்களைப் பழைய கைச்சித்திரங்களை வைத்து மீட்கிறார்களாமே. வரைந்தவர் கற்பனையைக் கலந்திருந்தால்?
- வாசகர், திருச்சி

பதில்: கலந்திருப்பார், அதில் சந்தேகமே வேண்டாம். 1674-ல் ரோமுக்கு வெளியே ஃபிளமினியா சாலையோரம் நாசோனியர் குடும்பத்தின் கல்லறை கிடைத்தது. பாறையில் குடைந்த அறை, உள்ளே வண்ண ஓவியங்கள். ஓவியர் பியெத்ரோ சாந்தி பார்தோலி அவற்றை வரைந்து செப்புத் தகட்டில் செதுக்க, 1680-ல் அறிஞர் பெல்லோரியின் விளக்கத்தோடு புத்தகமாக வந்தது. ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் பெயரிலும் நாசோ உண்டு என்பதால், அந்தப் பெயரைப் பார்த்ததும் அவர் குடும்பம்தான் என்று முடிவுகட்டி, படங்களுக்கும் அந்தக் கண்ணாலேயே பொருள் சொல்லிவிட்டார்கள். இன்று அதை யாரும் ஏற்பதில்லை.

ஆனால் பார்தோலியைச் சோதிக்க வழி உண்டு. அந்தச் சுவரிலிருந்து வெட்டியெடுத்த ஆறு துண்டுகள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கிரேக்கக் கதை நாயகன் ஈடிபஸ், விடுகதை போடும் ஸ்ஃபிங்க்ஸ் என்ற விலங்குருவின் முன்னால் நிற்கும் துண்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: காரை தேய்ந்து வண்ணம் மங்கிக் கிடக்கிறது, அச்சிலோ கோடு கோடாகப் பளிச்சென்று இருக்கிறது. அந்தத் தேய்மானத்தில் பாதி பிற்காலத்தில் வந்திருக்கலாம், எல்லாப் பழியையும் அவர்மேல் போட முடியாது. யார் எங்கே நிற்கிறார் என்பதில் அவரை நம்பலாம். தசை, துணிமடிப்பு, முகபாவம் எல்லாம் அவர் காலத்துக் கை என்றே எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: சரி, ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை என்றால்?
- வாசகி, கோவை

பதில்: அப்போது இரண்டாவது சாட்சி வேண்டும். கான்ஸ்டன்டைன் பேரரசரின் மகள் கான்ஸ்டன்டினாவுக்குக் கட்டிய கல்லறை மண்டபம், இன்றைய சாந்தா கொஸ்தான்சா. அதன் குவிமாடத்தில் வண்ணத் துண்டுகள் பதித்துச் செய்த மொசைக் ஓவியத்தை 1620-ல் பெயர்த்துவிட்டார்கள், நினைத்தாலே வயிறு எரிகிறது. நல்லவேளை, அதற்குச் சுமார் 80 வருஷம் முன்பே போர்ச்சுகலிலிருந்து வந்த ஃபிரான்சிஸ்கோ தெ ஒலாண்டா ஒரு பகுதியை வண்ணத்தில் வரைந்து வைத்திருந்தார்: அடியில் சுற்றிவர ஓர் ஆறு, படகில் மீன்பிடிக்கும் குட்டிச் சிறுவர்கள், மேலே பெண்ணுருவத் தூண்கள். அப்போது அந்த மண்டபத்தை மதுக்கடவுள் பாக்கஸின் கோயில் என்றே நம்பினார்கள், அதனால் அவர் கண் எதைத் தேடியிருக்கும் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் 1594-ல் பழமை ஆய்வாளர் உகோனியோ நேரில் பார்த்து, எந்தெந்த பைபிள் காட்சி என்று எழுதி வைத்தார். படத்தில் வடிவம் கிடைக்கிறது, குறிப்பில் கதை கிடைக்கிறது. ரோம் போனால் அந்த மண்டபத்தின் சுற்றுப்பாதையில் தலையைத் தூக்கிப் பாருங்கள். திராட்சையை மாட்டுவண்டியில் ஏற்றுபவர்களும் தொட்டியில் போட்டு மிதிப்பவர்களும் பழைய மொசைக்கிலேயே இன்னும் இருக்கிறார்கள்.