கொடுக்கிற கை எங்கே தொடங்க வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் கார் பட்டறை வைத்திருக்கிறேன், ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, கால்பந்துக் குழுவுக்குச் சட்டை என்று யாராவது ரசீதுப் புத்தகத்தோடு வந்துகொண்டே இருக்கிறார்கள். நானும் தோட்டத்தில் பிறந்தவன், இல்லை என்று சொல்ல வாய் வருவதில்லை. ஐம்பது, நூறு என்று கொடுக்கிறேன், ஆனால் வருடக் கடைசியில் அது என்ன ஆனது என்றே தெரியவில்லை. உருப்படியாக ஏதாவது செய்ய வழி சொல்லுங்கள்.
– பட்டறை முதலாளி, சுங்கை சிப்புட்

பதில்: அண்ணே, முதலில் அந்த ஆறு பேரைப் பற்றிப் பேசுவோம். மலேசியாவில் 2025 ஆகஸ்ட் முதல், ஒரே ஒரு ஆளை வைத்து வேலை வாங்கினாலும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). 5,000 வெள்ளிவரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி கட்ட வேண்டிய ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி, 13 விழுக்காடு, சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா தனி. இது தெரியாத முதலாளி இல்லை. ஆனாலும் சம்பளத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, ஈபிஎஃப் கட்டாமல் விட்டு, கோயில் கல்வெட்டில் மட்டும் பெயர் பொறிக்கிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டுக்குப் போனது தொழிலாளியின் முதுமைக்காலப் பணம் என்றுதான் நான் சொல்வேன். நீங்கள் ஒழுங்காகக் கட்டுகிறவர் என்றால் நல்லது, ஆறு குடும்பங்களுக்கு நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள்.

அடுத்தது, பணத்தைவிட உங்களிடம் அதிகம் இருப்பது தொழில். பத்து வருடம் கியர் பாக்ஸ் பிரித்து மாட்டிய ஆளிடம் கையில் ஒரு காகிதம் இருக்காது, அதனாலேயே வேறு ஊருக்குப் போனாலும் கூலி ஆளாகவே நிற்பார். எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையின் ஆதாரங்களைக் காட்டியே வாங்கலாம். முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் பிபிடி என்ற அந்த வழி அரசாங்கத்தின் திறன் மேம்பாட்டுத் துறையிலேயே இருக்கிறது. படங்கள், வேலைக் குறிப்புகள், முதலாளியின் கடிதம் எல்லாம் வேண்டும், அவற்றைத் திரட்டித் தருவதற்கு உங்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்? படிவம் ஐந்தோடு (இடைநிலைப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு) நின்றுபோன பையன்களை எஸ்எல்டிஎன் எனும் தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம், பெரும்பகுதி நேரம் பட்டறையிலேயே கற்றுக்கொள்வார்கள், மீதிதான் பயிற்சி நிலையத்தில். வேலை தெரிந்ததும் வேறு இடத்துக்கு ஓடிவிடுவானே என்று கேட்பீர்கள். ஓடட்டுமே, எங்கே போனாலும் அந்தக் கைத்தொழிலை வைத்துத்தானே பிழைப்பான்!

அப்புறம்தான் ரசீதுப் புத்தகம். நகரத்தார் வியாபாரத்தில் மகமை என்று ஒரு வழக்கம் உண்டு. வரவில் ஒரு பங்கை முன்கூட்டியே பொதுக் காரியத்துக்கு ஒதுக்கிவிடுவார்கள், யார் வந்து கேட்கிறார்கள் என்று காத்திருப்பதில்லை. நாடார் வணிகர்களும் மகமை வசூலித்துத்தான் விருதுநகரில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், காமராசர் படித்தது அப்படிப்பட்ட பள்ளியில். நீங்களும் வருடத்துக்கு ஒரு தொகையை முடிவு பண்ணி, அதில் பெரும்பங்கை ஒரே காரியத்துக்கு, மூன்று வருடமாவது விடாமல் கொடுங்கள். எது என்பதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். பக்கத்துத் தோட்டப் பள்ளிக்குச் செய்வதென்றால், அதன் தலைமையாசிரியரையும் பெற்றோரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். நீங்கள் கணினி வாங்கித் தர நினைத்திருப்பீர்கள், அவர்கள் வேன் கட்டணம் என்பார்கள். தோட்டத்து ஜனங்கள் டவுன் பக்கம் குடிபெயர்ந்துவிட்டார்கள், பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது, வேன் காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை வாரத்தில் பாதி நாள் வருவதில்லை. வேன் காசைப் படம் எடுத்துப் பத்திரிகையில் போட முடியாது, அதனாலேயே அதற்கு ஆள் கிடைப்பதில்லை. மற்றவர்கள் வந்தால் "இந்த வருடம் என் பங்கு பள்ளி வேனுக்குப் போகிறது" என்று தன்மையாகச் சொல்லுங்கள், நம் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: வீட்டில் முறுக்கு, அதிரசம் சுட்டு விற்கிறேன். தீபாவளி சமயத்தில்தான் நல்ல ஓட்டம். சமுதாயத்துக்குச் செய்வதெல்லாம் பெரிய முதலாளிகளின் வேலைதானே, என்னைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்?
– இல்லத்தரசி, பீடோர்

பதில்: தங்கச்சி, 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள், வேலையும் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் (வரிசை வீடு) ஒரே நாளில் போன குடும்பங்கள் ஏராளம். அப்போது சுங்கை சிப்புட் ரப்பர்த் தோட்டக்காரர் ஒருவரின் மகனும் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவருமான துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால்வெட்டுத் தொழிலாளர்களிடம் பேசி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி, அதையும் மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். அந்தப் பணத்தில் மறுவருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அன்று கட்டியவர்களும் உங்களைப் போலக் கையில் பெரிதாக எதுவும் இல்லாதவர்கள்தான்.

உங்களுக்கு நான் சொல்வது, முதலில் உங்கள் உழைப்புக்கும் சேர்த்து முறுக்குக்கு விலை போடுங்கள், நிறையப் பெண்கள் மாவுக்கும் எண்ணெய்க்கும் மட்டும் கணக்குப் பார்த்து விற்கிறார்கள். தீபாவளி ஆர்டர் குவியும்போது தனியாக விடிய விடியச் சுடாமல், பக்கத்து வீட்டில் கணவன் இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கும் பெண் யாராவது இருந்தால் நாள் கூலி கொடுத்துக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பக்குவத்தையும் மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: நன்கொடை கொடுத்துவிட்டு அதை வருமான வரியில் கழித்துக்கொள்வது சரியா? மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.
– மளிகைக் கடைக்காரர், கோலகங்சார்

பதில்: தாராளமாகக் கழியுங்கள். மிச்சமாகும் வரியையும் சேர்த்து அடுத்த வருடம் கொடுங்கள். ஆனால் வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுத்திருக்க வேண்டும், வரிவிலக்கு எண் போட்ட ரசீது வேண்டும், மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான் ஏற்பார்கள். ரசீதுகளை ஏழு வருடம் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டம் பங்குச் சந்தையில் உள்ள பெரிய கம்பெனியுடையது. வருடம் ஒருமுறை வந்து மாதிரிக் காசோலையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லையா?
– பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர், பாகான் செராய்

பதில்: இந்தியாவில் உண்டு. 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகக் காரியங்களுக்குச் செலவழிக்க வேண்டும். மலேசியாவில் அப்படித் தொகை நிர்ணயம் கிடையாது. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் என்ன செய்தோம் என்று ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். லயத்து வீட்டுக் கூரை, குடிநீர், மின்சாரம் இவற்றுக்கு 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் இருக்கிறது. கூரையை மாற்றிவிட்டு அதற்கு மாலை மரியாதை எதிர்பார்த்தால் நீங்கள் மாலை போட வேண்டியதில்லை, அது அவர்கள் கடமை, குறை இருந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். கொடை என்பது அதற்கு மேலே வருவது. அதற்குக் கம்பெனியின் ஆண்டறிக்கையை இணையத்தில் எடுத்து, கல்விக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் செய்ததாக எழுதியிருப்பதைச் சங்கக் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து படியுங்கள். பிறகு உங்கள் பள்ளிக்கு வேண்டியதைத் தொகையோடு, எத்தனை பிள்ளைகளுக்கு என்ற கணக்கோடு மலாயில் ஒரு பக்கத்தில் எழுதி, தோட்ட மேலாளருக்கு ஒன்றும் தலைமையகத்துக்கு ஒன்றுமாக அனுப்பிவிட்டு, கையெழுத்துப் போட்ட நகலைச் சங்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.