'செத்துடலாம் போல இருக்கு' என்கிற நண்பனிடம் தற்கொலை பற்றி நேரடியாகக் கேட்கலாமா? கேட்டால் தூண்டிவிட்டது போல ஆகாதா?

கேளுங்கள், சுற்றி வளைக்காமல். "தப்பான முடிவு எதுவும் எடுத்துடாதே" என்பது கேள்வியே இல்லை. அதற்கு "சேச்சே, அப்படியெல்லாம் இல்லை" என்றுதான் பதில் வரும். "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதாடா?" என்று அந்தச் சொல்லையே போட்டுக் கேளுங்கள். உங்களுக்கு வரும் பயம் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் கேட்பதால் அந்த எண்ணம் அதிகமாவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன.

என் நண்பன் ஒருவனிடம் இப்படிக் கேட்டேன். கொஞ்ச நேரம் செல்போன் உறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். அப்புறம் "ஆமா" என்றான். அதற்குப் பிறகுதான் தூக்கம் வராதது, கடன், வேலை போனதை வீட்டில் மறைத்தது எல்லாம் வெளியே வந்தன. நான் பேசியது சொற்பம். அறிவுரை சொல்லத் துடிக்கும் வாயைக் கட்டுவதுதான் பெரிய பாடு. "உன்னைவிடக் கஷ்டப்படறவங்க இல்லையா?", "அம்மாவை நினைச்சுப் பாரு" எல்லாம் வேண்டாம். எல்லோருக்கும் பாரமாகிவிட்டோம் என்று ஏற்கெனவே குமைபவனுக்கு அது இன்னொரு பாரம்.

'ஆமா' என்றால், எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறானா என்றும் கேளுங்கள். வைத்திருந்தால் தனியே விடாதீர்கள். அதற்கென வைத்திருப்பதை அவன் கைக்கு எட்டாமல் அகற்றிவிட்டு, உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். "நினைச்சவன் எப்படியும் செய்வான்" என்பது வெறும் பேச்சு. அந்த வேகம் பலருக்கும் சிறிது நேரத்தில் தணிந்துவிடுகிறது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். 1995-க்குப் பிந்தைய 20 ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் இறங்கியது.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். அவன் நம்பும் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனி ஆளாகத் தாங்க உங்களாலும் முடியாது. உதவி எண் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926. அவனுக்காக நீங்களும் அழைக்கலாம்.

சரி, அந்த ராத்திரி கடந்துவிட்டது. பலரும் விட்டுவிடுவது அடுத்து வரும் வாரங்களைத்தான். ஜெரோம் மோட்டோ என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் தொடர் சிகிச்சை வேண்டாம் என்றவர்களில் ஒரு பகுதியினருக்குச் சில வரிக் கடிதங்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். நலமா என்ற விசாரிப்புதான். நிபந்தனையோ வற்புறுத்தலோ இல்லை. கடிதம் பெறாதவர்களைவிட அவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலைகள் குறைவாக இருந்தன. நீங்களும் அப்படியே செய்யலாம். "உன் ஞாபகம் வந்துச்சு, பதில் போடணும்னு இல்லை" என்று ஒரு குறுஞ்செய்தி போதும். பதில் வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாமல் அடுத்த வாரமும் அனுப்புங்கள்.