பாஸ்போர்ட் கைக்கு வர எத்தனை நாள்?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. விசைப்படகில் கடலுக்குப் போகிறான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான். பஹ்ரைனில் மீன்பிடி வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை. 8,000 ரூபாய் கொடுத்தால் ஒரே வாரத்தில் வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். நாங்களே விண்ணப்பித்தால் எத்தனை நாள் ஆகும்? (தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: சகோதரி, அந்த 8,000 ரூபாயை யாரிடமும் கொடுக்காதீர்கள். பத்து ஆண்டு செல்லும் 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்ற அவசர முறை என்றால் இன்னும் 2,000 சேர்த்து 3,500. போலீஸ் சரிபார்ப்புக்கும் தபாலுக்கும் தனியாக ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ஏஜென்ட் செய்வதெல்லாம் படிவத்தை நிரப்பித் தேதி வாங்குவது மட்டும்தான். அதை வீட்டில் செல்போன் பார்க்கத் தெரிந்த பிள்ளையே செய்துவிடும், பக்கத்து இ-சேவை மையத்திலும் செய்யலாம். போலி இணையதளங்கள் நிறைய உண்டு. முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிந்தால்தான் அது அரசுத் தளம். யார் நிரப்பினாலும் தம்பியின் செல் நம்பரையே கொடுங்கள். ஏஜென்ட் நம்பரைப் போட்டுவிட்டால் தகவலெல்லாம் அவருக்குப் போகும், நீங்கள் அவர் பின்னால் அலைய வேண்டிவரும்.

சாதாரண முறையில் 30 முதல் 45 நாள் என்று மனதில் வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அதற்கு முன்பே வந்துவிடும். நம் ராமநாதபுரம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. படிவத்தை அனுப்பிக் கட்டணம் கட்டியதும், எந்த பாஸ்போர்ட் மையத்தில் எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்று திரையிலேயே தெரியும். மையத்துக்குள் போனால் தாள்களைச் சரிபார்ப்பது, போட்டோ, கைரேகை எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். போட்டோவை அங்கேயே எடுப்பார்கள், வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம். நாள் இழுப்பது வேறு இரண்டு இடங்களில். அந்த இரண்டுமே உங்கள் கையில் இருப்பவை.

முதலாவது, பெயர். தம்பி பெயர் அருள், அப்பா பெயர் சூசை என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் 'அருள் எஸ்', பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'எஸ். அருள்', வாக்காளர் அட்டையில் 'அருள்ராஜ்' என்று இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். கவுன்டரில் இருப்பவருக்கு மூன்று பேர். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் முகம்மது என்ற ஒரே பெயரை ஒரு தாளில் ஆங்கில 'ஓ' போட்டும் இன்னொன்றில் 'யு' போட்டும் எழுதிவைத்து எத்தனையோ பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். அதனால் முதல் வேலையாக ஆதாரில் அப்பா பெயரை முழுதாகச் சேருங்கள். மற்ற தாள்களை அதற்கு ஒத்துவரச் செய்தபிறகு விண்ணப்பியுங்கள். இதற்கு இரண்டு வாரம் போனாலும் போகட்டும்.

குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரை எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் வருபவர்களுக்குப் பயண விசா இல்லை என்றது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆனாலும் நம் ஆட்கள் அந்த நாட்களில் பட்ட பாடு போதும்.

பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்று அல்லது கடைசியாகப் படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் போதும். 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குத்தான் பிறப்புச் சான்று கட்டாயம்.

இரண்டாவது, போலீஸ் சரிபார்ப்பு. கடற்கரை ஊர்களில் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். போலீஸ்காரர் வந்து கேட்கும்போது தம்பி கடலில் இருப்பான், செல்லில் சிக்னல் இருக்காது. இரண்டு தடவை வந்து பார்த்து, 'அந்த முகவரியில் ஆள் இல்லை' என்று எழுதிவிட்டால் கோப்பு நின்றுவிடும். பிறகு மறுசரிபார்ப்புக் கேட்டு எழுத வேண்டும், ஒரு மாதம் சும்மா ஓடிவிடும். ஆகவே மையத்துக்குப் போய் வந்தபின் இரண்டு வாரமாவது தம்பி கரையில் இருக்கட்டும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, அதைவிட நல்ல நேரம் வேறு கிடையாது. அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதென்றால், நீங்களே நிலையத்துக்குப் போய் அவன் கரைக்கு வரும் நாளைச் சொல்லி வையுங்கள். தங்குதொழிலுக்கு வேறு ஊர் போய் அங்கேயே இருக்கிறான் என்றால் இப்போது இருக்கும் முகவரியைத்தான் எழுத வேண்டும். கதவு எண் இல்லாத குடிசை என்றால் தெரு, கோயில், பின்கோடு என்று அடையாளம் தெளிவாக இருக்கட்டும். ஸ்பீடு போஸ்டில் வரும் பாஸ்போர்ட்டை உரியவரிடம் மட்டுமே கொடுப்பார்கள் என்பதால், தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

தம்பி மேல் நீதிமன்றத்தில் வழக்கு ஏதாவது நிலுவையில் இருந்தால் மறைக்கவே வேண்டாம். நீதிமன்ற அனுமதியோடு பாஸ்போர்ட் வாங்க வழி உண்டு. மறைத்தால் அதுவே தனிக் குற்றமாகிவிடும்.

தட்கலில் பெரும்பாலும் பாஸ்போர்ட்டை முதலில் கொடுத்துவிட்டுப் போலீஸ் சரிபார்ப்பைப் பிறகு செய்வார்கள். தாள்கள் சரியாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் வரலாம். ஆதார், பான், வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை போன்றவற்றில் மூன்று வேண்டும். ஏஜென்ட் சொல்லும் 'ஒரு வாரம்' இதுதான். விசா கையில் இல்லாமல் தட்கலுக்குப் பணம் கட்டத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தம்பி பத்தாம் வகுப்பு தேறவில்லை, அதனால் பாஸ்போர்ட்டில் 'ஈசிஆர்', அதாவது 'குடியேற்றச் சோதனை தேவை' என்ற குறிப்பு வரும். அப்படிப்பட்டவர்கள் பஹ்ரைன், குவைத், சவூதி போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளம் வழியாகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் அதில் வேலை ஒப்பந்தம் பதிவாகும், 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. இதைத் தவிர்க்கத்தான் சிலர் 'பயண விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்பார்கள். அந்தப் பேச்சை ஏற்காதீர்கள். சம்பளம் தராமல் ஏமாற்றினால் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இருக்காது. ஆள் எடுப்பவர் பதிவு பெற்றவரா என்பதை அதே தளத்தில் பார்க்கலாம். தம்பி பின்னால் தனித்தேர்வு எழுதிப் பத்தாம் வகுப்பு தேறினால், மறுபடி விண்ணப்பித்து அந்தக் குறிப்பை நீக்கிக்கொள்ளலாம்.