கிளினிக் கொப்பி யார் கையில்?

அன்புள்ள அக்கா,

எனக்கு 19 வயது. 11 வயதிலிருந்து டைப் 1 நீரிழிவு. இப்போது சிறுவர் கிளினிக்கிலிருந்து பெரியவர்களின் கிளினிக்குக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே சுற்றிவர அம்மம்மா வயதுக்காரர்கள்தான். போன மாதம் கோட்டையில் ஒரு ஒஃபிஸில் வேலை கிடைத்தது. வருத்தத்தை அங்கே சொல்லாதே, கலியாணப் பேச்சு கெட்டுவிடும் என்கிறார் அம்மா. ஆனால் அவரே மத்தியானம் மூன்று தரம் கோல் எடுத்து "ஊசி போட்டியா?" என்கிறார். சாமத்திய வீட்டுக்கு ஹோல் எடுத்து ஊரையே கூப்பிட்டவர்கள்! நான் எப்போது பெரியவளாவது?

– வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

வெள்ளவத்தை லேனுக்குள் சொன்னது மறுநாள் ரொறன்ரோவில் தெரியும் என்று அம்மா பயப்படுகிறார். நியாயமான பயம்தான். ஆனால் அதே ரொறன்ரோவில்தான் 1922 ஜனவரியில், லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பொடியனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முன் இந்த வருத்தம் வந்த பிள்ளைகளுக்கு உங்கள் கேள்வியைக் கேட்கும் வயதே வந்ததில்லை.

எனக்கும் இதே வருத்தம். இருபதுகளில் நானும் ஒளித்தேன், ஒஃபிஸ் டொய்லட்டில் ஊசி போட்டேன். ஒரு பின்னேரம் காலி வீதியில், 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி வரும்போது சுகர் இறங்கிவிட்டது. கை நடுக்கம், வியர்வை. பையில் குளுக்கோஸ் இருந்தது. வாயில் கொட்டினால் பக்கத்தில் நிற்பவர் பார்ப்பாரே என்று வெட்கம். பம்பலப்பிட்டியில் இறங்கியபோது கடல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. காலி வீதியில் நின்று கடலைத் தேடியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தேத்தண்ணிக்கடை ஐயா ஒருவர் பிடித்து இருத்தி, பிளேன்டீக்குள் சீனியை அள்ளிப் போட்டுத் தந்தார்.

ஒஃபிஸ் முழுக்கச் சொல்ல வேண்டாம். பக்கத்து மேசைக்காரி ஒருத்தியிடம் சொல்லுங்கள். சுகர் 70க்குக் கீழே போனால், அல்லது உங்கள் கதை குழம்பினால், மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துத் தரட்டும். 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதியுங்கள். சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதமாக்கும். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990க்கு அடிக்கச் சொல்லுங்கள், அம்புலன்ஸ் வரும்; காசு இல்லை.

கலியாணமா? மறைத்துக் கட்டிவிட்டு இன்சுலினை யாருடைய பிரிட்ஜில் ஒளிக்கப் போகிறீர்கள்?

சரி, அம்மாவுக்கு வருவோம். எட்டு வருசமாக இது அவருடைய வருத்தமும்தான். நடுச்சாமத்தில் எழும்பி உங்கள் நெற்றி வியர்த்திருக்கிறதா என்று எத்தனை தரம் தடவிப் பார்த்திருப்பார்! மத்தியானம் நீங்களே முந்திக்கொண்டு சுகர் அளவை மெசேஜில் அனுப்பிவிடுங்கள். மூன்று கோல் ஒன்றாகும். அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப் போங்கள். கொப்பி மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும், டொக்டருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். அவர் குறுக்கே பேசத்தான் செய்வார். என் அம்மா 74 வயதிலும் கூட வந்து குறுக்கே பேசுகிறார். போன தரம் தாதி அவருடைய விரலைப் பிடித்துக் குத்தப் பார்த்தார்.